அடுத்த நாள் காலை பத்து மணி

குற்ற நாடகங்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். பணக்கார ஆண்களைப் பெண்கள் மொட்டையடிக்கும் கதை ஒன்றை உங்களில் யாராவது ஒருவர் இந்த நேரத்திலும் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அந்த வகைக் கதைக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை. கிடைப்பதையெல்லாம் பார்ப்பவள் நான். விரும்பித்தான் பார்க்கிறேன், பொய் சொல்வானேன். படியிறங்கும் குதிகால் செருப்பின் ஓசை, கோப்பையில் உருளும் பனிக்கட்டி, தன்னைச் சிங்கமென்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், அவருடைய சட்டைப்பையை அளவெடுக்கும் இரண்டு கண்கள். எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் நீங்கள் எப்போதும் ஒரே இடத்தில் காட்சியை வெட்டிவிடுகிறீர்கள். பெண்கள் காரில் ஏறிச் சிரிக்கிறார்கள், நோட்டுகள் பறக்கின்றன, பாட்டு ஒலிக்கிறது. அடுத்த காட்சியில் அடுத்த ஆள்.

அந்த வெட்டுக்கு அப்பால் வேலை பார்த்தவள் நான். ஒரு வங்கியின் அட்டைப் புகார்ப் பிரிவில் பதினொரு ஆண்டுகள். “இந்தத் தொகை நான் செலவு செய்தது இல்லை” என்று வருகிறவர்களிடம் படிவத்தை வாங்கி, சரிபார்த்து, மேலே அனுப்புவது என் வேலை. அட்டை தொலைந்தவர்கள், எண் களவு போனவர்கள், மகன் விளையாட்டுக்குச் செலவழித்தது தெரியாதவர்கள் என்று நாள் முழுக்க வருவார்கள். உங்கள் கதைகளில் வரும் அந்த மனிதரும் எப்போதாவது வருவார்.

ஒருவரை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை, கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். அன்று காலை அவசரமாகச் சவரம் செய்திருக்க வேண்டும், தாடையில் ஒரு சின்ன வெட்டு, அதன்மேல் ஒட்டிய காகிதத் துணுக்கை எடுக்க மறந்திருந்தார். “ஆண் அலுவலர் யாராவது இருக்கிறார்களா?” என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றேன். போய்விடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். எட்டாக மடித்து வைத்திருந்த கணக்கு அறிக்கையை விரித்து, மூன்று வரிகளை நகத்தால் காட்டினார். வாயைத் திறக்கவில்லை. மூன்றும் ஒரே இரவு, ஒரே இடம், ஒரு மணி நேர இடைவெளி. தொகை ஏறிக்கொண்டே போயிருந்தது.

கையெழுத்திட்ட சீட்டுகளின் நகலைத் திரையில் காட்டினேன். முதல் கையெழுத்து நேராக இருந்தது. இரண்டாவது சரிந்திருந்தது. மூன்றாவது கோட்டைத் தாண்டி, கீழே அச்சிட்டிருந்த நன்றி வாசகத்தின்மேல் ஏறிப் படுத்திருந்தது.

“இது உங்கள் கையெழுத்தா?”

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் போட்டது நான் இல்லை.”

அந்த வாக்கியத்தை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. அட்டை அங்கே இருந்திருக்கிறது, ஆள் அங்கே இருந்திருக்கிறார், கையெழுத்து பொருந்துகிறது. எனவே வங்கியின் கண்ணில் அது அவர் சம்மதித்த செலவு. அட்டையைத் தேய்த்த இடத்தைக் கேட்டால் சீட்டை நீட்டுவார்கள், கதை முடிந்தது. அவர் எழுந்து போன பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரர் ஒரு நகைச்சுவை சொன்னார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நீங்கள் எழுதுகிறீர்கள் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

இந்த வகையில் மற்றவற்றைவிட நேர்மையானது என்று நான் நினைக்கும் படத்தையே எடுத்துக்கொள்கிறேன்: 2019இல் வந்த ‘ஹஸ்ட்லர்ஸ்’. லொரீன் ஸ்கஃபாரியா எழுதி இயக்கியது. ஜெசிக்கா பிரெஸ்லர் 2015இல் ஒரு நியூயார்க் இதழில் எழுதிய கட்டுரைதான் அதற்கு மூலம். 2008இல் நியூயார்க்கின் நிதிச் சந்தையான வால் ஸ்ட்ரீட் சரிந்ததும் நடன விடுதிகளில் பணத்தை இறைத்துக்கொண்டிருந்த கூட்டம் கலைந்துபோனது. வருமானம் வற்றிய பெண்கள் சிலர் ஒரு புதிய வழியைக் கண்டுபிடித்தார்கள். வெளியே ஓர் ஆளைச் சந்திப்பது, கெட்டமைன் என்ற மயக்க மருந்தும் எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளும் கலந்த பொடியைப் பானத்தில் போடுவது, தள்ளாடுகிறவரை விடுதிக்கு அழைத்துவந்து அட்டையைத் தேய்ப்பது. விடுதி அதிலிருந்து ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தது. 2014இல் அந்தக் குழுவைக் கைது செய்தார்கள்.

படத்தின் வாதம் உங்களுக்குத் தெரியும். ஊரையே சூறையாடிய வால் ஸ்ட்ரீட்காரர்கள் சிறைக்குப் போகவில்லை, அவர்களிடமிருந்து கொஞ்சம் பிடுங்கினால் என்ன குடிமுழுகிப் போகும்? கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் படத்தில் ஓர் இடம் உண்டு. ஏற்கெனவே வாழ்க்கை நொறுங்கிப்போயிருந்த ஒருவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்துப் பணத்தைத் திருப்பித் தரும்படி கெஞ்சுகிறார். மறுமுனையில் இருப்பவளால் பதில் சொல்ல முடியவில்லை. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த படம் அங்கே கால் இடறி நிற்கிறது. அந்தச் சில நிமிடங்களை எழுதியவருக்கு என் மேசையில் நடப்பது தெரிந்திருக்கிறது. பிறகு வந்த பல நாடகங்கள் அந்தப் படத்தில் வரும் பகட்டான ரோம மேலங்கியை எடுத்துக்கொண்டன, தொலைபேசியை விட்டுவிட்டன.

அதே வழக்கில் நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். ஒரு மருத்துவரின் அட்டையில் 1,35,000 டாலருக்குமேல் ஏறியிருந்தது. தர முடியாது என்றார். விடுதி அவர்மீது வழக்குப் போட்டது. மயங்கிக் கிடந்ததாகச் சொன்னவர் பிரதிவாதி, அட்டையைத் தேய்த்த இடம் வாதி. இப்படி ஒரு திருப்பத்தை நீங்கள் எழுதிக் கொடுத்தால் எந்தத் தயாரிப்பாளரும் நம்ப மாட்டார்.

உங்களிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். பார்வையாளர் உறுத்தலில்லாமல் சிரிக்க வேண்டும் என்பதற்காக, ஏமாறுகிறவரை முதல் காட்சியிலேயே அயோக்கியனாக்கிவிடுகிறீர்கள். பரிமாறுகிற பையனைத் திட்டுவார், மனைவியின் அழைப்பைத் துண்டிப்பார், மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். தராசில் இத்தனை கல்லை வைத்துவிட்டால் மறுபக்கம் எதை வைத்தாலும் தூக்கிவிடும். அப்புறம் அந்தப் பெண்கள் செய்வதில் என்ன நாடகம் இருக்கிறது? அது வெறும் தண்டனை நிறைவேற்றம். இன்னொன்று, மோசக்காரப் பெண்கள் முதலில் அயோக்கியனைத் தேடுவதே இல்லை. தனியாக இருப்பவரைத் தேடுகிறார்கள். வெளியே சொல்ல முடியாதவரைத் தேடுகிறார்கள்.

ஏமாற்று வித்தையின் அச்சாணி அழகு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பதினொரு ஆண்டுகளில் நான் பார்த்த அச்சாணி வெட்கம். இரவு எட்டு மணிக்கு ஒருவரை வீழ்த்துவது பெரிய காரியமே இல்லை. மறுநாள் பத்து மணிக்கு அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்பதை முந்தைய நாளே கணக்கிட்டுவிடுவதுதான் கைத்திறன்.

அழகே இல்லாமல் இதைச் செய்து காட்டிய ஒருத்தி உண்டு. கேஸி சாட்விக். கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஓஹாயோவில் குடியேறியவள். 1900களின் தொடக்கத்தில் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்கில் எஃகுத் தொழிலில் பெரும் பணக்காரரான ஆண்ட்ரூ கார்னெகியின் மாளிகைக்குப் போனாள் என்பது அவளைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வழக்கறிஞரை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். வீட்டு மேற்பார்வையாளரிடம் ஏதோ ஒரு பணிப்பெண்ணின் நன்னடத்தையைப் பற்றி விசாரிப்பதுபோல் நேரத்தைக் கடத்தினாள். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது ஒரு காகிதம் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்த வழக்கறிஞர் பார்த்தார்: கார்னெகி கையெழுத்திட்ட 20 லட்சம் டாலர் கடன் பத்திரம். தயங்கித் தயங்கி அவள் ஒத்துக்கொண்டாள், தான் கார்னெகியின் முறைகேடாகப் பிறந்த மகள் என்று. யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் இருக்கிற வழக்கறிஞர் எங்கே இருக்கிறார்?

அப்புறம் வங்கியாளர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவராவது கார்னெகியிடம் போய், “ஐயா, இது உங்கள் கையெழுத்துதானா?” என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அவ்வளவு பெரிய மனிதரின் அந்தரங்கத்தைக் கிளறுவதாகாதா? அந்தக் கூச்சத்தின்மேல் அவள் வீடு கட்டினாள். கூச்சத்தோடு ஆசையும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் இரகசியக் கடனுக்கு வட்டி அதிகம்.

இங்கேதான் நீங்கள் காட்சியை வெட்டுவீர்கள். பேராசை பிடித்த வங்கியாளர் ஏமாந்தார், நன்றாக வேண்டும் அவருக்கு. 1904 நவம்பரில் ஓபர்லின் என்ற சின்னக் கல்லூரி ஊரில் சிட்டிசன்ஸ் நேஷனல் வங்கி மூடப்பட்டது. அவளுக்குக் கொடுத்த கடன் வங்கியால் தாங்கக்கூடியதைவிடப் பெரியது. வாசலில் நின்றவர்களில் வங்கியாளர் யாரும் இல்லை, படிப்புச் செலவுக்குப் பணம் போட்டு வைத்திருந்த மாணவர்கள் நின்றார்கள். வங்கித் தலைவர் சில மாதங்களில் இறந்துபோனார். 1905இல் சாட்விக்குக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 1907இல் சிறையிலேயே செத்தாள். பணக்காரரின் பணம் பணக்காரருடையது மட்டும் என்ற நம்பிக்கையோடு எழுதாதீர்கள். அவருடைய அட்டை அலுவலகத்து அட்டையாக இருக்கலாம். அந்தச் செலவுக்கு ஈடாக மாத முடிவில் வேலையை இழக்கப்போவது அவருக்குக் கீழே இருப்பவராகவும் இருக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. இதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்தவர்கள் நாம். விறலிவிடு தூது. மனைவியோடு பிணங்கிக் கிளம்பியவன் தாசியிடம் சிக்குவான். அவளுடைய தாய்க்கிழவி பாடம் எடுப்பாள்: எப்போது சிரிக்க வேண்டும், எப்போது ஊட வேண்டும், எந்த நகையை எந்தச் சாக்கில் கேட்க வேண்டும். கைப்பொருள் தீர்ந்ததும் அவனை வெளியே தள்ளுவார்கள். கந்தலாகித் திரும்புகிறவன், மனைவியைச் சமாதானம் செய்ய, ஆடிப்பாடும் பெண்ணான விறலியைத் தூது விடுவான். அந்தக் கிழவியின் பாடப் பகுதியைப் புலவர்கள் என்ன ருசியோடு எழுதியிருக்கிறார்கள் என்று படித்தவர்களுக்குத் தெரியும். உபதேசம் சும்மா ஒரு போர்வை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? மொட்டையடிக்கப்பட்டவனே தன் வாயால் தன் கதையைச் சொல்கிறான். இன்று நீங்கள் அவன் வாயைக் கட்டிவிட்டு ஏமாற்றியவளைப் பேச விடுகிறீர்கள். ஒரு விதத்தில் அது நியாயம்தான், அவளுக்கு இத்தனை நூற்றாண்டு பேச இடம் இல்லை. ஆனால் அங்கேயும் இங்கேயும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. அந்தப் பணம் கடைசியில் எங்கே போனது?

என் மேசைக்கு அதற்கும் ஓர் ஆள் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேட்டு வந்தாள். ஒரு தோழி சொன்னாளாம்: உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்து என்னிடம் கொடு, ஒரு சிறு பங்கு உனக்கு. வந்த பணம் யாரோ மூன்று ஆண்களுடையது. அவள் அவர்களைப் பார்த்ததுகூட இல்லை என்றாள். நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள், பாதி நம்பினேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினாள். பென்சிலால் எழுதிய கணக்கு. வந்தது, கொடுத்தது, நின்றது என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தியைக் கூட்டினால் ஒரு மாத வாடகைக்குக்கூட வராது. தோழியின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. முகவரி இவளுடையது, கணக்கு இவளுடையது, கண்காணிப்புக் காமிராவில் பதிந்த முகமும் இவளுடையதுதான். உங்கள் கதைகளில் நால்வரும் சமமாகப் பங்கு பிரித்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்களே, அந்த நோட்டைப் பார்த்த பிறகு அந்தக் காட்சி வந்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன்.

அட்டையைத் தேய்த்த விடுதி முதலாளி எங்கே என்றும் ஒரு நாளாவது எழுதுங்கள். எந்தப் பக்கம் போனாலும் பங்கு வாங்குகிறவர் அவர்தான்.

மயக்க மருந்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. நீங்கள் அதைச் சமையல் குறிப்புபோல் காட்டுகிறீர்கள்: ஒரு சிட்டிகை அது, ஒரு சிட்டிகை இது, கலக்கு, எல்லாரும் சிரி. 1849இல் நியூயார்க் தெருவில் ஒருவன் நன்றாக உடுத்திக்கொண்டு வழிப்போக்கர்களிடம், “உங்கள் கடிகாரத்தை நாளை வரை என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு என்மேல் நம்பிக்கை இருக்கிறதா?” என்று கேட்பானாம். கொடுத்தார்கள். நம்பிக்கை மோசடிக்காரன் என்ற சொல்லே ஆங்கிலத்தில் அவனிடமிருந்து பரவியது. அவன் அயோக்கியன்தான், ஆனால் எதிராளி தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பானத்தில் பொடி போட்ட பிறகு கொடுப்பதற்கு அங்கே யாரும் இல்லை, கை மட்டும் இருக்கிறது. அதை ஏமாற்று வித்தை என்று கொண்டாடுவது வித்தைக்கே அவமானம். அது கொள்ளை. அந்தப் பொடியின் உண்மையான பயன் மயக்கமும் இல்லை, மறதி. மறந்தவரால் சாட்சி சொல்ல முடியாது. மதுவோடு சேரும்போது எந்த அளவில் மூச்சு நிற்கும் என்று சிட்டிகை போடுகிறவருக்குத் தெரியாது. 2023 நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் கொலம்பியாவின் மெடலின் நகரில் எட்டு அமெரிக்கர்கள் சந்தேகத்துக்குரிய வகையில் இறந்ததாக அவர்களுடைய தூதரகம் அடுத்த ஜனவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. அவற்றில் பலவற்றில் மயக்க மருந்தும் கொள்ளையும் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்றது அந்த எச்சரிக்கை. பலவற்றில் சந்திப்புச் செயலிகளும் சம்பந்தப்பட்டிருந்தன. அந்த எட்டுப் பேரில் சிலருடைய இரவாவது பனிக்கட்டி உருளும் கோப்பையில்தான் தொடங்கியிருக்கும்.

இதற்கிடையில் உலகம் உங்களைத் தாண்டிப் போய்விட்டது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022இல் மட்டும் காதல் மோசடியில் 130 கோடி டாலர் இழந்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துக்குப் புகார்கள் போயிருக்கின்றன, ஏறக்குறைய 70,000 பேரிடமிருந்து. அதில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. மறுமுனையில் புன்னகைக்கும் அழகி பல நேரம் பெண்ணே கிடையாது. வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் சென்று கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, முள்வேலிக்குள் உட்கார வைத்திருக்கும் ஓர் இளைஞன். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி வலுக்கட்டாயமாக இணைய மோசடியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்று அந்தத் தொழிலுக்குச் சீன மொழியில் பெயர். “சாப்பிட்டீர்களா, அன்பே?” என்று எழுதுகிறவன் அன்றைய இலக்கை எட்டாவிட்டால் அடி வாங்குவான். எதிரில் இருப்பவர் மனைவியை இழந்த ஓய்வுபெற்ற பொறியாளர். இருவரில் யாரை நீங்கள் வில்லனாக்குவீர்கள்? சொல்லுங்கள், நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருகிறேன்.

பணத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பக்கக் குறிப்பு. பிரெஸ்லரே 2018இல் எழுதிய இன்னொரு கட்டுரை, ஜெர்மானியப் பணக்காரி வேடம் போட்டு நியூயார்க் வங்கிகளையும் ஓட்டல்களையும் ஏய்த்த அன்னா சொரோகினைப் பற்றியது. அதிலிருந்து 2022இல் நெட்ஃபிளிக்ஸ் தொடர் வந்தது. அன்னாவுக்கு அந்த நிறுவனம் 3,20,000 டாலர் கொடுத்தது. குற்றவாளி தன் குற்றத்தின் கதையை விற்றுச் சம்பாதிப்பதைத் தடுக்க நியூயார்க்கில் 1977இலிருந்து ஒரு சட்டம் உண்டு. 1991இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது, பிறகு திருத்தி எழுதினார்கள். அதை வைத்து அந்தப் பணத்தை முடக்கினார்கள். பெரும்பகுதி வங்கிகளுக்கு நட்டஈடாகப் போய்ச் சேர்ந்தது. ஆக, ஒரு நாடகம் தன்னை அறியாமலே அதன் நாயகியின் கடனை அடைத்திருக்கிறது. என் முன்னாள் மேலதிகாரி கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

சொல்ல வந்ததற்கே திரும்புகிறேன். பெண்களை நல்லவர்களாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆண்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக்கவும் வேண்டாம். அந்தத் திங்கட்கிழமை மனிதர் ஒன்றும் உத்தமர் இல்லை. என் எதிரில் உட்கார்ந்திருந்தபோதுகூட என் மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் படித்து, “நீங்கள் திருமணமானவரா?” என்று கேட்டார். பழக்கதோஷம். நான் படிவத்தைத் தள்ளினேன். அதை எழுத எனக்கு அரை நிமிடம் ஆனது, உங்களுக்கு ஏன் முடிவதில்லை? ஒரே ஆள் அருவருப்பாகவும் இருக்கலாம், அநியாயமாக ஏமாற்றப்பட்டவராகவும் இருக்கலாம்.

அன்று அவர் படிவத்தின் முதல் பக்கத்தை நிரப்பினார். பெயர், எண், தேதி. இரண்டாம் பக்கத்தில் “நடந்ததை உங்கள் சொற்களில் எழுதவும்” என்று இருக்கும், பத்துக் கோடுகள் விட்டிருப்போம். முதல் கோட்டில் “அன்று இரவு” என்று எழுதினார். பேனாவை வைத்தார். எடுத்தார். வைத்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒரு பெண் இருமினாள்.

“இந்த அறிக்கை எப்போதும் வீட்டு முகவரிக்குத்தான் வருமா?” என்று கேட்டார்.

மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு வேறு படிவம் என்றேன்.

“அதைக் கொடுங்கள்.”

அந்தப் படிவத்தை அவர் ஒரு நிமிடத்தில் நிரப்பிவிட்டார். கையெழுத்து நேராக இருந்தது. முதல் படிவத்தை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். தாடையில் அந்தக் காகிதத் துணுக்கு அப்படியே இருந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்படிக்கு,
புகார் மேசையில் இருந்த ஒருத்தி